புனலுக்குக் கீழே ஒரு கூடை

பழைய ஆஸ்டின் காரை இப்போது நோலீன்தான் ஓட்டினாள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இடுப்பில் வலித்தது. வாய்விட்டு முனகினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் டெஸ்மண்டுக்குக் கேட்காது. அது ஒரு வசதி.

கடற்கரைப் பூங்காவில் பைன் மரங்களின் கீழ் நாற்பது கார்களாவது நின்றிருக்கும். பிப்ரவரி வெயில் எல்லா பானட்டுகளிலும் இருந்தது. மரே தன் எசெக்ஸ் காரை விட்டு இறங்கி வந்து கையை ஆட்டி இடம் காட்டினான். முட்டிவரை மடித்த கால்சட்டை, கட்டம் போட்ட காலுறை.

"இன்னும் கொஞ்சம் பின்னால வா. இன்னும். போதும், போதும், ஜாய்ஸை நசுக்கிடாத. எனக்கு ஒரு பொண்டாட்டிதான்." ஜன்னலில் குனிந்தான். "என்ன நோலீன், வண்டி முனகுதா, நீ முனகறியா?"

"ரெண்டு பேரும்."

டெஸ்மண்ட் அதற்குள் இறங்கிவிட்டான். காதுக் கருவி டாஷ்போர்டு அறைக்குள்ளேயே கிடந்தது. என்ஜின் சத்தத்தில் அது கத்தும். இடது காதில் ஒன்றுமில்லை. கருவி இல்லாவிட்டால் வலது காதிலும் அநேகமாக ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துக்கொள்வான்.

மடக்கு மேசையை விரித்தான். மேலே கிராமபோன் பெட்டியை வைத்தான். பித்தளைப் புனலைப் பொருத்தினான். இசைத்தட்டுகள் இருந்த தோல்பெட்டியைக் காருக்கு அடியில் நிழலில் தள்ளி, ஈரத் துண்டைப் போர்த்தினான். வெயிலில் விட்டால் அரக்குத் தட்டு அப்பளம்போல வளைந்துவிடும்.

அவன் குனிந்திருந்தபோது ரேவின் வந்தாள். பழைய காலத்துக் கார், பாட்டு, உடை எல்லாம் வருகிற இந்த விழாவை நடத்துகிறவள். முத்து மாலைக்கு மேல் வாக்கிடாக்கி தொங்கியது. கையில் பிரம்புக் கூடை.

"போன்ல எல்லாத்தையும் ஏத்திட்டேன்," என்றாள். "அவர் போடற அதே பாட்டுங்க, அதே வரிசை. அவர் முள்ளை வைக்கறப்ப அமுக்குங்க. எடுக்கறப்ப நிறுத்துங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்றாள் நோலீன்.

"நீங்க தப்பா ஒண்ணும் பண்ணலை."

"பண்றேன்னு நான் சொல்லலையே."

கூடை கனமாக இருந்தது. நோலீன் அதை மேசைக்கு அடியில், புனலுக்கு நேர் கீழே, மேசைக்கால்களோடு ஒட்டி வைத்தாள். மேலே கட்டம் போட்ட துணியைப் போர்த்தினாள். பார்க்கிறவர்களுக்கு அது சாப்பாட்டுக் கூடை. டெஸ்மண்டுக்கும் அது சாப்பாட்டுக் கூடையாகவே இருக்க வேண்டும். உள்ளே ஒலிபெருக்கி இருந்தது.

போன வருஷம் பாட்டு நடுவில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பாடகியின் குரல் இறங்கி இறங்கி மாடு கத்துவதுபோல ஆயிற்று. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று சிரித்தார்கள். மேசையருகே நின்ற டெஸ்மண்டும் சிரித்தான். அவர்களுக்குப் பாட்டு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் வழியில் அதைச் சொல்லவும் சொன்னான்.

ஜனவரியில் ரேவின் போன் செய்தாள். புனல் சத்தம் நாலாவது காருக்குக்கூடப் போகவில்லை என்று புகார். இந்த வருஷம் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். டெஸ் சும்மா விருந்தாளியாக வரலாம். இல்லையென்றால் இப்படி. நோலீன் இப்படியே இருக்கட்டும் என்றாள். டெஸ்மண்டிடம் கேட்கவில்லை.

அவன் கார் ஓட்டுவதை விட்டிருந்தான். தேவாலயத்தில் பாடுவதை விட்டிருந்தான். போன் அடித்தால் அவளைப் பார்ப்பான். அவனுக்கென்று மிச்சம் இருந்தது பிப்ரவரியில் இந்த ஒரு சனிக்கிழமைதான். அதையும் பிடுங்குகிறவளாக அவள் இருக்க விரும்பவில்லை.

டெஸ்மண்ட் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தான். தகர டப்பாவிலிருந்து புது முள் ஒன்றை எடுத்துத் திருகினான். ஒரு பக்கத்துக்கு ஒரு முள். பாடி முடித்த முள்ளை இன்னொரு டப்பாவில் போடுவான். துணியால் தட்டைத் துடைத்தான். முள்ளை இறக்கினான்.

நோலீன் மடியில் வைத்திருந்த போனை அமுக்கினாள்.

பாட்டு கிளம்பியது. பைன் மரங்கள்வரை போனது. ஐஸ்கிரீம் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜாய்ஸ் உடனே மரேயைப் புல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டெஸ்மண்டின் உள்ளங்கை வழக்கம்போல மேசைமேல் இருந்தது. அப்படித்தான் அவன் பாட்டு ஓடுகிறதா என்று பார்ப்பது. அவன் முகம் மாறியது.

"நோலி! கேக்குது!"

"என்ன?"

"மேசை அதிருது பாரு. கை வச்சுப் பாரு. எனக்குக் கேக்குது!"

அவள் கை வைத்தாள். அதிர்ந்தது.

"ஸ்பிரிங்கைப் பிரிச்சு கிரீஸ் போட்டேன்ல. வேண்டாம்னு சொன்னியே. பாத்தியா?"

"பாத்தேன்."

"கிரீஸ்தான்," என்றான் மறுபடியும்.

மூன்று நிமிஷத்தில் பாட்டு முடிந்தது. அவன் முள்ளை எடுத்தான். அவள் நிறுத்தினாள். கை தட்டினார்கள். அவன் தொப்பியைத் தூக்கினான்.

மரே வேர்த்து வடிய வந்து அவன் தோளில் அறைந்தான். முகத்துக்கு நேரே நின்று கத்தினான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச கிழவா? கக்கூஸ்வரைக்கும் கேக்குது!"

"கிரீஸ்!"

"கிரீஸா? எனக்கும் கொஞ்சம் குடு, முட்டில தடவிக்கறேன்." மரே துணியை விலக்கிக் கூடை மூடியில் கை வைத்தான். "சாப்பிட என்ன இருக்கு? ஆஸ்பரகஸ் ரோலா?"

நோலீன் மூடிமேல் காலை வைத்தாள்.

மரே கூடையைப் பார்த்தான். பிறகு அவளை. டெஸ்மண்ட் அடுத்த தட்டுக்காகக் காருக்கு அடியில் குனிந்திருந்தான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"நீ சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? போன வருஷம் ஜாய்ஸ் பாட்டு கேக்காம என் காலைத்தான் மிதிச்சா." துணியை இழுத்து மூடினான். "ஆனா ரோல் நிஜமாவே இல்லையா?"

"கார்ல இருக்கு. எடுத்துக்க."

மதியம் நகர்ந்தது. அவன் முள்ளை வைத்தான், அவள் அமுக்கினாள். அவன் எடுத்தான், அவள் நிறுத்தினாள். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப் போனது. கழிப்பறைக்குப் போக முடியவில்லை. மூன்று நிமிஷத்தில் போய்த் திரும்ப இடுப்பு ஒத்துழைக்காது. வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்தினாள். தொலைவில் ஒரு பழைய பஸ் புகை விட்டது. யார் கையையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று மட்டும் இருந்தது.

ஆக்லாந்திலிருந்து வந்த ஒருவன் புனலுக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"சத்தம் எவ்ளோ சுத்தமா இருக்கு! ஒரு கீறல்கூட இல்லை. எந்த வருஷத்து மெஷின் சார்?"

டெஸ்மண்ட் உதட்டைப் படித்தான். வருஷத்தைச் சொன்னான். முள்ளின் தடிமனைச் சொன்னான். கிரீஸ் போட்ட விதத்தைச் சொன்னான். எந்தத் தட்டுக்கு எந்த முள் என்று சொன்னான். வந்தவன் தலையாட்டிக்கொண்டே நின்றான். போகும்போது நோலீனிடம், "பெரிய ஆளும்மா உங்க வீட்டுக்காரர்," என்றான்.

"ஆமா," என்றாள் நோலீன்.

ஒவ்வொரு வருஷமும் கடைசித் தட்டு அவளுடையது. ஒரு வால்ட்ஸ், மூன்று மூன்றாக எண்ணி மெதுவாக ஆடுவது. மரே மேசையைப் பார்த்துக்கொள்வான். டெஸ்மண்டும் அவளும் அந்த ஒன்றுக்கு மட்டும் ஆடுவார்கள். அதற்குப் பிறகு கார்கள் வரிசையாகக் கிளம்பிக் கடலோரச் சாலையில் ஊர்வலம் போகும். வீட்டுக்குப் போகலாம். இந்த வருஷமும் கடைசியில் அது இருந்தது, போனிலும், தோல்பெட்டியிலும். அதற்கு முன் இன்னும் எட்டுப் பத்து தட்டுகளாவது இருக்கும்.

அவள் கண்ணை மூடினாள். ஒரு கணம்தான். திறந்தபோது அவன் கை ஏற்கெனவே முள்ளோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாக அமுக்கினாள். போனைக் கைப்பையில் போட்டாள்.

துள்ளி ஆடுகிற பாட்டு வந்தது. வேகமானது. எக்காளமும் முரசும். புல்வெளியில் எல்லோரும் குதித்தார்கள்.

டெஸ்மண்ட் மேசையில் கை வைக்கவில்லை. நேராகச் சுற்றி வந்து அவள் முன் நின்று கையை நீட்டினான்.

"வா."

"எங்க?"

"ஆடத்தான். உன் பாட்டு."

"அது கடைசில இல்ல வரும்?"

"கடைசிவரைக்கும் நீ தாங்க மாட்ட. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அதான் முன்னாடியே போட்டுட்டேன்."

அவள் மேசையைப் பார்த்தாள். சுழலும் தட்டின் நடுவே சிவப்புக் காகிதம். அவளுடைய வால்ட்ஸ்தான்.

"இரு, என் பை..."

"பையை யாரு தூக்கிட்டுப் போகப் போறா? வா நோலி. மூணு நிமிஷம்தான் இருக்கு."

அவள் எழுந்தாள். கையை அவன் பிடித்திருந்தான்.

புல்வெளியின் ஓரத்தில் ஆடினார்கள். அவன் உதடுகள் எண்ணின. ஒண்ணு ரெண்டு மூணு. ஒண்ணு ரெண்டு மூணு. அவள் காதில் விழுந்தது வேறு. முரசு ஓடியது, அவன் நடந்தான். அவள் பாட்டைக் கேட்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவன் உதட்டையே பார்த்தாள். அப்போது முடிந்தது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு கால்களை எடுத்து வைத்தாள்.

ஒரு ஜோடி வந்து மோதியது. "மன்னிச்சுக்குங்க!" தலையில் இறகு வைத்த பெண் ஒருத்தி கூட ஆடுகிறவனிடம் சொன்னாள்: "அங்க பாரேன், பாட்டு ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். பாவம், எவ்ளோ அழகா இருக்காங்க."

டெஸ்மண்ட் நோலீனின் தோளுக்கு மேல் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

"எல்லாரும் என்ன குதிக்கறாங்க?"

"சின்னப் பசங்க. அப்படித்தான்."

"ஜாய்ஸுமா?"

ஜாய்ஸ் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவள்.

டெஸ்மண்ட் ஜாய்ஸின் கால்களைப் பார்த்தான். மரேயின் காலைப் பார்த்தான். இறகு வைத்த பெண்ணின் காலைப் பார்த்தான். எல்லாக் கால்களும் ஒரே தாளத்தில் துள்ளின. அவன் உதடுகள் எண்ணுவதை நிறுத்தின. இன்னும் சில அடிகள் ஆடினான். பிறகு அவள் கையை விட்டான்.

மேசைக்கு நடந்தான். அவள் பின்னால் போனாள். உள்ளங்கையை மேசைமேல் வைத்தான். மேசை அதிர்ந்தது. முள்ளைத் தூக்கினான். மேசை அதிர்ந்துகொண்டே இருந்தது. புல்வெளியில் கால்கள் துள்ளிக்கொண்டே இருந்தன.

குனிந்து துணியை விலக்கினான். கூடை மூடியில் கை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு துணியைச் சரியாக மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"கிரீஸ் இல்ல."

"இல்ல."

"காலைலேருந்தா?"

"ஆமா."

"ரேவினா?"

"ரேவின் கேட்டா. நான் சரின்னேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வந்திருக்க மாட்ட."

"மாட்டேன்தான்."

பாட்டு முடிந்தது. ஆடியவர்கள் மூச்சு வாங்க நின்று கைதட்டினார்கள். மேசையைப் பார்த்தார்கள். நோலீன் கைப்பையில் கைவிட்டு, அடுத்தது கிளம்புவதற்குள் போனை நிறுத்தினாள். டெஸ்மண்ட் தொப்பியைத் தூக்கவில்லை. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவன், "இன்னொண்ணு, டெஸ்!" என்று கத்தினான்.

அவன் அதை உதட்டில் படித்திருக்க வேண்டும்.

நோலீன் காத்திருந்தாள். அவன் புனலைக் கழற்றினால் அவளும் மேசையை மடக்கிவிடுவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அதற்கான பலம்கூட இல்லை. கார்ச் சாவி எங்கே என்று யோசித்தாள்.

அவன் வால்ட்ஸ் தட்டை எடுத்துத் துடைத்தான். உறையில் போட்டான்.

"அடுத்தது என்ன வருது?"

"எதுல?"

"உன் போன்லடி."

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெயிலில் திரை தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்துச் சொன்னாள். மெதுவான ஒன்று. உறை கிழிந்த தட்டு.

அவன் முழங்காலிட்டு ஈரத் துண்டை விலக்கி அதைத் தேடினான். எடுத்து வந்து வைத்தான். சாவி கொடுத்தான். பழைய முள்ளைக் கழற்றி டப்பாவில் போட்டு, புது முள்ளைத் திருகினான்.

"இப்ப முள்ளை மாத்தணுமா?" அவன் நிமிர்ந்தபோது கேட்டாள்.

"தட்டு தேயும்ல." மறுபடியும் குனிந்துகொண்டே சொன்னான். "நீ எப்ப அமுக்கற?"

அவன் தோளைத் தொட்டுத் திருப்பி, "நீ முள்ளை வைக்கறப்ப," என்றாள்.

"வச்ச உடனே அமுக்காத. தட்டு ரெண்டு சுத்து சும்மா சுத்தும். அப்புறம்தான் பாட்டு வரும். காலைலேருந்து எல்லாத்தையும் சீக்கிரமாவே ஆரம்பிச்சிருப்ப."

"இருக்கும்."

"தெரிஞ்சவன் எவனும் பாக்கலை. நல்ல வேளை."

முள்ளை வைத்தான். தட்டு இரண்டு முறை சுற்றியது. தலையசைத்தான். அவள் அமுக்கினாள்.

பிறகு காரிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பாட்டு ஓடும்போது அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கீழே கூடை பாடியது. மேலே தட்டும் பாடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் காதை வைத்தால் கேட்டிருக்கும். யாரும் வைக்கவில்லை.

"போய்ட்டு வா," என்றான்.

"எங்க?"

"கக்கூஸுக்கு. காலைலேருந்து காலை மடக்கி மடக்கி உக்காந்திருக்க. போ. திரும்பி வரவரைக்கும் தட்டை மாத்தலை. எவன் கேட்டாலும் மெஷின் சூடாயிடுச்சுன்னு சொல்றேன்."

"கிராமபோன் சூடாகுமா?"

"ஆக்லாந்துக்காரனுக்கு ஆகும்."

பாட்டு முடிந்ததும் அவள் போனை நிறுத்திவிட்டுப் போனாள். நிதானமாகப் போனாள். திரும்பி வரும்போது ஒரு டீ வாங்கிக்கொண்டாள். அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அடுத்த தட்டு தயாராக இருந்தது.

கடைசியாக வால்ட்ஸ் வந்தது. மரே மேசையைப் பார்த்துக்கொள்ள வந்து நின்றான். டெஸ்மண்டும் நோலீனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆடணுமா?" என்றான் டெஸ்மண்ட்.

"நீ?"

"நான் ஆடியாச்சு."

"நானும்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றான் மரே. "ரெண்டு கிழங்களுக்கும் நடுவுல கம்பம் மாதிரி." ஜாய்ஸைத் தேடிப் போனான்.

புல்வெளியில் ஜோடிகள் சுற்றின. டெஸ்மண்ட் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப சரியா ஆடறாங்க," என்றான்.

ரேவின் வேகமாக வந்தாள். முத்து மாலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. டெஸ்மண்டின் முன் குனிந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "பிரமாதம் டெஸ்! எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்."

"அடுத்த வருஷம் கூடையை மரே தூக்கட்டும்," என்றான் டெஸ்மண்ட். "இவளுக்கு இடுப்பு சரியில்லை."

ரேவின் நோலீனைப் பார்த்தாள். நோலீன் டீயைக் குடித்தாள்.

"சாவியையும் அவனே குடுக்கட்டும். நான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்," என்றான்.

ஊர்வலம் தொடங்கியது. என்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. புகையும் சத்தமும் பூங்காவை மூடின. அவர்கள் ஊர்வலத்தில் சேரவில்லை. புனலைக் கழற்றினார்கள். மேசையை மடக்கினார்கள். தோல்பெட்டியை அவன் தூக்கினான். முள் டப்பாக்கள் இரண்டையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

காரில் அவன் ஏதோ சொன்னான். பழைய பஸ் பக்கத்தில் உறுமிக்கொண்டு போனது. அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

அவன் டாஷ்போர்டு அறையைத் திறந்து கருவியை எடுத்தான். வலது காதில் மாட்டினான். முகம் சுளித்தான்.

"கத்துமே," என்றாள்.

"கத்துது. கத்தட்டும்." கருவியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "கிளட்சை மிதிக்கறப்பல்லாம் நீ முனகறியாம். மரே சொன்னான்."

"மரேக்கு வேலை இல்ல."

"எவ்வளவு நாளா?"

அவள் சாலையைப் பார்த்தாள். கடைசிக் கார் போய்விட்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தாள். காலைத் தூக்கிக் கிளட்சின்மேல் வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மிதித்தாள். வலித்தது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"கேட்டுது," என்றான் டெஸ்மண்ட்.

அவள் கியரைப் போட்டாள்.